ஒரே ரயில்... ரெண்டு கேம்!

சியோல் என்றதும் நம்ம பசங்களுக்கு கே-பாப், கே-டிராமா, கிம்ச்சி... இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், கீபோர்டும் மவுஸும் பிடிச்சுக் காய்ச்சுப்போன கைகளுக்கு அந்த ஊர் ஒரு புண்ணிய ஸ்தலம். கம்ப்யூட்டர் கேமை டி.வி. சேனலில் போட்டு, ஸ்டேடியம் கட்டி, ஆடுறவனுக்குச் சம்பளம் கொடுத்து, அதை ஒரு வேலையாகவே மாத்திக் காட்டிய ஊர்!

இந்த ஊரை ஒரே ரயிலில், நாலே ஸ்டாப்பில் சுத்திப் பார்த்தால், உலகம் பூரா கேமர்கள் மண்டையை உடைச்சுக்கிற ஒரு சண்டைக்கு ரெண்டு பக்கத்து நியாயமும் கண்ணுக்குத் தெரியும்.

என்ன சண்டை? கேமை ரிலீஸ் பண்ணி, ஜனங்க காசு கொடுத்து வாங்கி, ராத்திரி பகலா ஆடிப் பழகின பிறகு, ‘அப்டேட்’ என்ற பெயரில் இந்தத் துப்பாக்கிக்கு பவரைக் குறை, அந்த ஹீரோவுக்கு உயிரை ஏத்து என்று கம்பெனி மாத்திக்கிட்டே இருக்கலாமா? இல்லை, விட்டதை விட்டபடியே விடணுமா? ஹாஸ்டல் ரூமில் விடிய விடிய ஓடும் பஞ்சாயத்துதான். ஆனா, சியோலில் இதில் பல பேரோட பிழைப்பே அடங்கியிருக்கு.

வாங்க, ரயில் ஏறலாம்.

ஏறும் இடம்: யோங்சான்

சியோல் மெட்ரோவின் முதல் லைன் 1974-ல் ஓட ஆரம்பிச்சது. மேப்பில் கருநீலக் கோடு. அதில் யோங்சான் ஸ்டேஷன், நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் ஏரியா. ஸ்டேஷனை ஒட்டியே ‘ஐ-பார்க் மால்’. அதோட 9-வது மாடியில் 2005 கடைசியில் ஒரு ஸ்டேடியம் திறந்தாங்க. கிரிக்கெட்டுக்கோ ஃபுட்பாலுக்கோ இல்லை... கம்ப்யூட்டர் கேமுக்கு! அங்கே ராஜா ‘ஸ்டார்கிராஃப்ட்’.

இந்த கேம் 1998-ல் அமெரிக்காவின் பிளிசார்ட் கம்பெனி வெளியிட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே ‘புரூட் வார்’ என்ற அடுத்த பாகமும் வந்தது. டெரன், ஸெர்க், புரொட்டாஸ் என்று மூணு இனம். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, கனிமம் தோண்டி, படை கட்டி, எதிராளியைக் காலி பண்ணணும். அவ்வளவுதான் கதை.

கொரியாவில் இது தீயாகப் பரவினதுக்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. 1997-ல் வந்த பொருளாதார நெருக்கடியில் ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. கையில் இருந்த காசைப் போட்டு பல பேர் ‘பிசி பாங்’ திறந்தாங்க. ‘பாங்’ என்றால் கொரிய மொழியில் அறை. நம்ம பிரவுசிங் சென்டரின் பெரியண்ணன்! சில வருஷத்திலேயே நாடு முழுக்க 20,000 பிசி பாங்குக்கு மேலே. காலேஜ் பசங்க, வேலை தேடுற இளைஞர்கள் எல்லாருக்கும் கம்மி செலவில் பொழுதுபோக்கு. உலகம் முழுக்க விற்ற ஸ்டார்கிராஃப்ட் காப்பிகளில் கிட்டத்தட்ட பாதி கொரியாவில்தான் விற்றது என்றால் பார்த்துக்குங்க. 2004-ல் புசான் நகரத்து குவாங்கல்லி கடற்கரையில் ஒரு ஃபைனல் நடந்தப்போ, ஒரு லட்சம் பேர் வந்ததாகச் செய்திகள் சொல்லின. கடற்கரையில் ஸ்கிரீன் கட்டி, கேம் பார்க்க ஒரு லட்சம் பேர்!

ஐம்பது கனிமம்

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஸ்டார்கிராஃப்ட் ரிலீஸ் ஆனப்போ சுத்தத் தங்கமா இருந்ததா? இல்லவே இல்லை. ஸெர்க் ஆட்கள் ஆரம்பத்திலேயே ‘ஸ்பானிங் பூல்’ கட்டி, குட்டிப் பூச்சிப் படையை அனுப்பி, எதிராளி கண் முழிக்கும் முன்னாடியே கதையை முடிச்சுடுவாங்க.

2001 மே மாசம் 1.08 என்ற பேட்ச் வந்தது. அந்த ஸ்பானிங் பூலின் விலை 150-ல் இருந்து 200 கனிமம் ஆச்சு. வெறும் ஐம்பதுதான். ஆனா, அந்த ஐம்பதைச் சேர்க்க ஆகும் சில நொடிகளில் எதிராளி தற்காப்புக்குத் தயாராகிடலாம். கூடவே இன்னும் சில எண்கள் மாறுச்சு. ஆடின ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ‘ரீப்ளே’ வசதியும் அதில்தான் வந்தது.

அதோட சரி! அதுக்கப்புறம் கம்பெனி இந்த கேமின் பலாபலனில் கையே வைக்கவில்லை. 2017-ல் படத்தை மெருகேத்தி ‘ரீமாஸ்டர்டு’ பதிப்பு வந்தப்போகூட, ஆட்டத்தின் கணக்கு அப்படியே பழையபடிதான்.

அப்போ கொரியாக்காரங்க என்ன பண்ணாங்க? கேமை மாத்த முடியாது. ஆனா, கேம் நடக்கும் தரையை மாத்தலாமே! லீக் நடத்துறவங்க சீசனுக்கு சீசன் புது மேப் கொண்டுவந்தாங்க. ஸெர்க் ஓவரா ஜெயிக்குதா? தளத்தின் வாசலைக் குறுக்கிவிடு, அடைச்சு நின்னு சமாளிக்கலாம். டெரன் டாங்கிகள் மேட்டில் ஏறி நின்னு அடிக்குதா? அந்த மேட்டையே எடுத்துடு. கிரிக்கெட்டில் ரூல் புக்கைத் தொடாமல், பிட்சில் மட்டும் கொஞ்சம் புல் விட்டு, கொஞ்சம் காயவிட்டு ஆட்டத்தையே மாத்துற மாதிரி!

மார்ச் 3, 2007

‘மாத்தாதே’ கட்சிக்காரங்க பெருமையா சொல்லும் தேதி இது. அந்தச் சமயத்தில் புரொட்டாஸ் ஆடுறவங்களுக்கு ஸெர்க் என்றாலே கிலி. அதிலும் மா ஜே-யூன் என்ற ஸெர்க் வீரர் அப்போ கிட்டத்தட்ட அசைக்க முடியாத ஆள். இன்னிக்கு மாதிரி காலமா இருந்தா, புரொட்டாஸுக்குக் கொஞ்சம் பவரை ஏத்துங்கப்பா என்று எல்லாரும் கூப்பாடு போட்டிருப்பாங்க. மறு வாரமே அப்டேட்டும் வந்திருக்கும்.

ஆனா, அப்டேட் வரவில்லை. வந்தது 17 வயசு கிம் டேக்-யோங். எம்.எஸ்.எல். போட்டியின் ஃபைனலில் மா ஜே-யூனை 3-0 என்று துவைச்சு எடுத்தார். வானத்தில் ‘கோர்செய்ர்’ விமானங்களால் ஸெர்க்கின் கண்களைக் குருடாக்கி, கண்ணுக்கே தெரியாத ‘டார்க் டெம்ப்ளர்’களை உள்ளே விடும் பாணி. அதில் இருந்த ஒவ்வொரு ஆயுதமும் பல வருஷமா அதே கேமில், அதே விலையில் இருந்ததுதான். ஒரு எண்கூட மாறவில்லை. ஆடுற மூளைதான் மாறுச்சு. பல வருஷம் ஓடின பாணிக்கு இந்த ஒரு சாயங்காலம்தான் விதை.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. ஸெர்க்கின் பறக்கும் ‘மியூட்டாலிஸ்க்’குகளைத் தூரத்தில் இருக்கும் வேறொரு யூனிட்டோடு சேர்த்து செலக்ட் பண்ணினால், அதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரே புள்ளியாகப் பறக்கும். வடிவமைச்சவங்க யோசிச்சே இருக்காத விஷயம். அடிக்கடி பேட்ச் விடும் கம்பெனியா இருந்தால், இதைக் கோளாறு என்று சொல்லிச் சரிபண்ணியிருக்கும். சரிபண்ணாததால், அதுவே ஒரு பெரிய கலையா வளர்ந்துச்சு!

நாலு ஸ்டாப் தள்ளி: ஜோங்கக்

யோங்சானில் ஏறினால் நம்யோங், சியோல் ஸ்டேஷன், சிட்டி ஹால், அடுத்தது ஜோங்கக். சுமார் பத்து நிமிஷம். ‘ஜோங்கக்’ என்றால் மணி மண்டபம். வெளியே வந்தால் போசின்கக் மண்டபம் நிக்குது. புத்தாண்டு ராத்திரி 12 மணிக்கு இங்கே 33 தடவை மணி அடிப்பாங்க. கொஞ்ச தூரம் நடந்தால் சியோங்கியேசியோன் ஓடை. மேலே இருந்த ஃப்ளைஓவரையே இடிச்சுத் தள்ளி 2005-ல் மீட்டெடுத்த ஓடை. ஊரையே பேட்ச் போட்டுச் சரிபண்ணிய ஏரியா என்று வெச்சுக்குங்களேன்!

பக்கத்தில் ‘கிராண்ட் சியோல்’ கட்டடம். அதுக்குள்ளே ‘லோல் பார்க்’. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேமின் கொரிய லீகுக்காகவே கட்டின வட்ட அரங்கம். நடுவில் ரெண்டு டீம், சுத்தி ரசிகர்கள்.

இந்த கேமின் தர்மமே வேற. 2009-ல் ரிலீஸ். சுமார் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பேட்ச்! ஏன் இவ்வளவு அவசரம்? கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்டார்கிராஃப்டில் மூணே இனம். ஒண்ணோடு இன்னொண்ணு மோதும் ஜோடிகளும் மூணுதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 170 சாம்பியன்களுக்கு மேலே. ரெண்டு ரெண்டாக மோதவிட்டாலே 14,000 ஜோடியைத் தாண்டும். அஞ்சு பேர் டீம் என்றால் தலை சுத்தும். இதை ஒரே மூச்சில் சமமாக்கி, இனி தொட மாட்டேன் என்று சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. அப்படியே விட்டால், நாலஞ்சு பலசாலிகளை மட்டும்தான் எல்லாரும் எடுப்பாங்க. மிச்சம் 160-க்கு மேல சும்மா போஸ்டரில்தான் இருக்கும்.

அதனால பேட்ச் வேணும். அதில் சந்தேகமில்லை. பிரச்னை எப்போ, எவ்வளவு என்பதில்தான். 2015 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்குச் சுமார் ஆறு வாரம் இருக்கும்போது, மோர்டகைசர், டேரியஸ், கேரன், ஸ்கார்னர் என்ற நாலு பேரை அடியோடு மாத்தினாங்க. செமஸ்டர் முழுக்க ஒரு சிலபஸைப் படிக்கவிட்டு, எக்ஸாமுக்கு முந்தின மாசம் புது யூனிட்டைச் சேர்த்தால் எப்படி இருக்கும்? உலகம் பூரா திட்டு. 2018-ல் 8.11 பேட்ச் வந்தப்போ, தூரத்தில் நின்னு அடிக்கும் ‘மார்க்ஸ்மேன்’களின் ஆயுதங்களை மாத்திட்டாங்க. பல வருஷமா அது ஒண்ணையே ஆடிப் பிழைச்சவங்க, திடீரென்று மந்திரவாதிகளை ஆடக் கத்துக்கவேண்டி வந்தது.

இந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடணும். 2015-ல் அவ்வளவு களேபரத்துக்கு நடுவிலும் கோப்பையை ஜெயிச்சது யார்? ‘ஃபேக்கர்’ லீ சாங்-ஹியோக் ஆடின எஸ்.கே.டி. டீம். மொத்தப் போட்டியிலும் ஒரே ஒரு கேம்தான் தோத்தாங்க. 2013-ல் முதல் உலகக் கோப்பையை ஜெயிச்ச அதே ஃபேக்கர், 2024-லும் ஜெயிச்சார். நடுவில் எத்தனை பேட்ச்! ஒரு வித்தையைக் கரைச்சுக் குடிக்கிறது ஒரு திறமை. மாற மாற மறுபடி கத்துக்கிறதும் ஒரு திறமை. இது ரெண்டாவது ரகம்.

யாரோட கேம்?

இந்தச் சண்டையின் அடியில் இன்னொரு கேள்வி படுத்திருக்கு. கேம் யாருக்குச் சொந்தம்? ஃபுட்பாலுக்கு ஓனர் கிடையாது. ஸ்டார்கிராஃப்டுக்கு உண்டு. சேனல்கள் பல வருஷம் லீக் நடத்தி, வீரர்களை வளர்த்த பிறகு, ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்று பெரிய தகராறு வந்து கோர்ட் வரை போச்சு. 2011-ல்தான் சமரசம். ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ 2010-ல் வந்தது. அதுக்கு அடிக்கடி பேட்ச். 2012 மே மாசம் ஸெர்க்கின் ‘குயின்’ தரையில் அடிக்கும் தூரத்தை 3-ல் இருந்து 5 ஆக்கினாங்க. ரெண்டே ரெண்டு புள்ளி. ஆனா, அதுக்கப்புறம் பல மாசம் ஸெர்க் ராஜ்யம்தான்! ஒரு எண்ணைச் சரிபண்ணப் போய், வேற எங்கேயோ கூரை சரியும்.

பழைய ஸ்டார்கிராஃப்டின் டி.வி. லீக் 2012 ஆகஸ்டில் கடைசி ஃபைனலோடு முடிஞ்சது. யோங்சான் ஸ்டேடியத்தில் இருந்த சேனலும் 2016-ல் சங்கம் ஏரியாவுக்கு மாறிடுச்சு. ஆனா கேம் சாகவில்லை. அதே 2016-ல் இன்டர்நெட் ஒளிபரப்பில் புது லீக் தொடங்கியது. பழைய வீரர்களே, பழைய எண்களே. மேப் மட்டும் புதுசு! கேமை மாத்தாததால், வருஷக் கணக்கில் கத்துக்கிட்ட வித்தை அவங்களுக்கு இன்னமும் சோறு போடுது.

அப்போ தீர்ப்பு? நம்ம பஞ்சாயத்து இதுதான். ரிலீஸ் ஆன புதுசில் ஓட்டை இருந்தால் அடைக்கணும், 1.08 அதைத்தான் பண்ணுச்சு. ஆனா, ஒருத்தன் தொடர்ந்து ஜெயிக்கிறான் என்பதற்காக உடனே கையை வைக்கக் கூடாது. தோக்கிறவனுக்கு யோசிக்க டைம் கொடுக்கணும். ஒரு வாரத்தில் பேட்ச் வந்திருந்தால் ஒரு கிம் டேக்-யோங் வந்திருக்கவே மாட்டார். முடிஞ்சவரை ஆளை மாத்தாமல் தரையை மாத்திப் பார்க்கணும். அதுவும் முடியாது, 170 பேர் இருக்காங்க என்றால், தாராளமா மாத்துங்க. ஆனா, பெரிய போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே பேனாவைக் கீழே வெச்சுடணும். எக்ஸாம் ஹாலுக்குள்ளே சிலபஸ் மாறக் கூடாது, அவ்வளவுதான்!

சியோல் போற வாய்ப்புக் கிடைச்சால் ஏதாவது ஒரு பிசி பாங்குக்குள் நுழைஞ்சு பாருங்க. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்கிரீனில் தட்டினால் சூடாக ராம்யோன் நூடுல்ஸ் வரும். 2013-ல் இருந்து சிகரெட்டுக்குத் தடை, அதனால் புகைமூட்டம் பயமில்லை. நிறைய ஸ்கிரீனில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஓடும். மூலையில் நாற்பதைத் தாண்டின அண்ணன் ஒருத்தர் ஸ்டார்கிராஃப்ட் ஆடிக்கிட்டிருந்தால், பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்க. அவர் கட்டும் ஸ்பானிங் பூலின் விலை இன்னிக்கும் அதே 200தான்!