எண் பெரிதா, ஆயுள் பெரிதா?

2025 சூன் திங்களில், கல்லூரி திறக்கும் தறுவாயில், எம் தமிழ்த்துறைக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது என்பது முன்னரே முடிவான செய்தி. உரிமக் கட்டணம் இல்லை என்ற ஒன்றே துறையின் நிதிநிலைக்குப் போதிய காரணமாயிற்று. எந்த வெளியீட்டை நிறுவுவது என்பதில்தான் வழக்கு எழுந்தது.

லினக்சின் கருவைப் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். அக்கருவைக் கொண்டு பலர் பலவகை இயங்குதளங்களை ஆக்கியுள்ளனர். அவற்றுள் எம் மாணவர்க்குப் பழக்கமான உபுண்டுவையே யாம் எடுத்துக்கொண்டோம். அதன் வெளியீட்டு எண்ணிலேயே பிறந்த ஆண்டும் திங்களும் பொதிந்துள்ளன. 24.04 எனில் 2024 ஏப்ரல், 25.04 எனில் 2025 ஏப்ரல். புதியது கிடைக்கும்போது ஓராண்டுப் பழையதை நாடுவானேன் என்றனர் இளையோர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

ஆயின், அவ்வெண் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவுடைய வெளியீடு. அதற்கு ஐந்தாண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணமின்றி வரும். இடையிடையே ஆறு திங்களுக்கு ஒருமுறை வருவனவற்றுக்கோ ஒன்பது திங்களே ஆயுள். 25.04ஐ நிறுவியிருப்பின் 2026 சனவரியில், பருவத்தின் நடுவே, ஆய்வேடுகளும் வினாத்தாள்களும் அரைகுறையாய் நிற்க, இயங்குதளத்தை மாற்ற நேர்ந்திருக்கும். மாற்றாது விடலாமே எனின், திருத்தம் நின்ற கணினி தாழில்லாக் கதவுடைய வீடன்றோ? 24.04க்கு 2029 வரை அக்கவலை இல்லை. 2025இல் இளங்கலையில் சேர்ந்தவர் 2028இல் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அது உழைக்கும்.

புதிய கணினியின் வன்பொருளைப் பழைய வெளியீடு அறியுமா என்று ஒரு மாணவர் வினவினார். நல்ல வினா, வழக்கில் எடையுள்ள வாதம் அதுவே. 2025 பிப்ரவரியில் வந்த 24.04.2 புதுப்பிப்பில் அதனினும் புதிய கரு சேர்க்கப்பட்டிருந்தமையால் அக்குறை பெரும்பாலும் நீங்கியது. எனினும், சொல்லை நம்பி நிறுவாது, விரலி ஒன்றிலிருந்தே அதை இயக்கி, வைஃபை, அச்சுப்பொறி, ஒலி, தமிழ்99 விசைப்பலகை ஆகிய அனைத்தையும் ஒரு முற்பகல் முழுதும் சோதித்தோம். பழைய ஆய்வேடுகள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. எழுத்துருக் கோப்பு இல்லையேல் திரையில் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். எந்த வெளியீடாயினும் இத்தொல்லை ஒன்றே. ஆகலின் அவ்வெழுத்துருக்களைத் தனியே படியெடுத்துச் சேர்த்தோம்.

25.04ஐ விரும்பியோர் அதைத் தம் சொந்தக் கணினியில் நிறுவி மகிழ்ந்தனர். பயில்வதற்கு அது நன்றே. துறைக் கணினியில் 24.04 அமர்ந்தது. அவ்வெளியீட்டின் குறிப்பெயரில் உள்ள நும்பாட் என்பது ஆஸ்திரேலியாவில் கறையானைத் தின்று வாழும் சிறு விலங்காம். ஏட்டுச் சுவடிகளைக் கறையானிடம் பறிகொடுத்த மரபினரான எமக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்க்குமா!