ரயிலுக்கும் வயிறு இருக்கு!

கையில டிபன் பாக்ஸோட உட்கார்ந்திருக்கீங்களா? அப்படின்னா இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு, நிம்மதியா சாப்பிட்டு வந்து படிங்க. நான் வெயிட் பண்றேன். மேட்டர் அப்படி!

முதல்ல ஒரு எட்டு அமெரிக்கா போயிட்டு வந்துடலாம். அங்கே வண்டியையே வீடாக்கிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துற கோஷ்டி ஒண்ணு உண்டு. 'ஆர்.வி.'ன்னு சொல்வாங்க. 2006-ல் ராபின் வில்லியம்ஸ் நடிச்சு இதே பேர்ல ஒரு காமெடிப் படம்கூட வந்தது. நம்ம ஊர் ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்குமே கேரவன், அந்த மாதிரிதான். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. சரி, பாத்ரூம் இருந்தா அந்தத் தண்ணி எங்கே போகும்? வண்டிக்கு அடியில ரெண்டு தொட்டி. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணிக்கு 'சாம்பல்' தொட்டி. டாய்லெட்டுக்கு 'கறுப்பு' தொட்டி. நிரம்பினதும், அதுக்குன்னே இருக்கிற இடத்துக்கு ஓட்டிட்டுப் போய், தடிமனான குழாயை மாட்டி வால்வைத் திறக்கணும். கறுப்பு முதல்ல, சாம்பல் அப்புறம். ஏன்னா பின்னாடி வர்ற சோப்புத் தண்ணி குழாயைக் கழுவி விட்டுடும். செம சிம்பிள் இன்ஜினீயரிங்!

இந்த வேலையைச் செய்யறது யாரு? பெரும்பாலும் வண்டி ஓனரே! கிளவுஸை மாட்டிக்கிட்டு, மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, சனி ஞாயிறுல இதைச் செய்யறாரு. அதனால அவருக்கு யாரும் போர்டு எழுதி ஒட்ட வேண்டியதில்லை. தண்ணி தாராளமா ஊத்தணும், இல்லேன்னா கெட்டியானதெல்லாம் குழாய்க்கு நேர் கீழே குன்று மாதிரி குவிஞ்சு இறுகிடும்னு அவருக்குத் தெரியும். குழந்தையோட டயாப்பரை உள்ளே போட்டா அதைத் தோண்டி எடுக்கப்போறதும் தான்தான்னு தெரியும். போட மாட்டார்.

இப்ப ஃப்ளைட்டைப் பிடிச்சு நம்ம ஊர் ரயிலுக்கு வாங்க. உங்க காலுக்குக் கீழேயும் அதே மாதிரி ஒரு தொட்டி தொங்குது. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அந்தத் தொட்டியை ரொப்புறது நீங்களும் நானும். காலி பண்றது வேற ஆளு. நாம எழும்பூர்ல இறங்கி ஆட்டோ பேரம் பேச ஆரம்பிச்சுடறோம்.

நான் மெக்கானிக்கல், தேர்ட் இயர். போன செமஸ்டர் லீவுல இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரு ரயில் பெட்டி பராமரிப்பு டிப்போவுக்குப் போனேன். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன்; சொன்னா, எனக்கு எல்லாத்தையும் பொறுமையா விளக்கிக் காட்டின ஒரு அண்ணனோட கான்ட்ராக்ட் வேலைக்கு வேட்டு! என்னோட வந்த பசங்க எல்லாம் பிரேக், வீல்னு போயிட்டாங்க. டாய்லெட் தொட்டிப் பக்கம் போக ஆள் இல்லை. நான் போனேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். பழைய ரயில்ல டாய்லெட் ஓட்டை வழியா கீழே தண்டவாளம் ஓடுறது தெரியும், ஞாபகம் இருக்கா? எல்லாம் நேரா டிராக்ல. வண்டி ஸ்டேஷன்ல நிக்கிறப்ப உபயோகிக்காதீங்கன்னு எழுதியிருக்கும். விழுந்ததுல தண்டவாளமும் கிளிப்பும் துருப்பிடிக்கும். ஸ்டேஷன்ல விழுந்ததை அள்ள மனுஷங்க இறங்குவாங்க.

இதுக்கு மாற்றா வந்ததுதான் பயோ டாய்லெட். சியாச்சின் மாதிரி பனிமலையில இருக்கிற ராணுவ வீரர்களோட கழிவை என்ன பண்றதுன்னு டி.ஆர்.டி.ஓ.வோட குவாலியர் ஆய்வகம் மண்டையைப் பிச்சுக்கிட்டதுல பிறந்த டெக்னாலஜி. 2011 ஜனவரியில, குவாலியர் - வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸ்தான் இதை மாட்டிக்கிட்டு ஓடின முதல் ரயில். நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம், டிராக்ல கழிவே விழாத 'பசுமை ரயில் பாதை'ன்னு நாட்டுல முதல்ல அறிவிச்சது நம்ம மானாமதுரை - ராமேஸ்வரம் ரூட்டைத்தான். 114 கிலோமீட்டர், 2016 ஜூலை. இன்னிக்கு நாடு முழுக்க ரெண்டரை லட்சத்துக்கும் மேல பயோ டாய்லெட்டுகள் ஓடிக்கிட்டிருக்கு.

தொட்டி எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கறீங்களா? அப்படியே நம்ம வயிறு மாதிரிதான். துருப்பிடிக்காத ஸ்டீல்ல செஞ்ச பெட்டி, உள்ளே தடுப்புத் தடுப்பா அறைகள். அதுல ஆக்சிஜன் இல்லாமலே வாழுற பாக்டீரியா கும்பல் குடியிருக்கு. விழுறதை அது தின்னு மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணின்னு பிரிக்குது. வாயு வெளியே போயிடும். தண்ணி அறை அறையா நகர்ந்து, கடைசியில குளோரின் பட்டு டிராக்ல சொட்டும். தயிருக்கு உறை ஊத்துற மாதிரி, ஆரம்பத்துல பாக்டீரியா கலந்த கரைசலை டிப்போவுல ஊத்தி விடறாங்க. ஆசிட், பினாயில்னு வீட்டுப் பாணியில கொட்டினா குடியிருக்கிற கும்பலே காலி!

இது நிஜமாவே கழிவைச் சுத்தம் பண்ணுதா, இல்லை பேரு மாத்தின செப்டிக் டேங்க்தானான்னு 2017-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினாங்க. அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. எந்த பாக்டீரியாவாலயும் தின்ன முடியாத சமாசாரம் ஒண்ணு இருக்கு. நாம போடற குப்பை!

"இன்னிக்கு என்ன என்ன வந்துச்சுண்ணா?"ன்னு கேட்டேன். முதல் நாள் என்னை 'மேடம்'னு கூப்பிட்டவர், மூணாவது நாள் 'பாப்பா'வுக்கு இறங்கி வந்திருந்தார். விரல் விட்டு எண்ணினார். "தண்ணி பாட்டில் ரெண்டு, பான்பராக் கவரு, டீ கப்பு, குழந்தை டயாப்பரு, ஒரு கர்ச்சீப்பு. அப்புறம்... அது..."ன்னு இழுத்தார். நாப்கின். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

பசங்களா, அடுத்த பாராவை ஸ்கிப் பண்ணாதீங்க. நாப்கினுக்கு உள்ளே இருக்கிறது வெறும் பஞ்சு இல்லை. நிறைய பிராண்டுகள்ல சோடியம் பாலிஅக்ரிலேட்ங்கிற பாலிமர் இருக்கும். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியை இழுத்து ஜெல்லா உப்புறது அதோட வேலை. அதை ஒரு வளைஞ்ச குழாய்க்குள்ள போட்டு மேலே தண்ணியும் ஊத்தினா? கார்க் போட்டு அடைச்ச மாதிரி! அதுக்கு மேல வர்றவங்க போறது எல்லாம் அங்கேயே தேங்கும். ரயில் கிளம்பி ரெண்டு மணி நேரத்துல ஏன் டாய்லெட் பக்கம் போகவே முடியலைன்னு நாம திட்டறோமே, பாதி நேரம் காரணம் இப்படி ஒரு அடைப்புதான்.

கேர்ள்ஸ், உங்க மேல பழி போடலை. எங்கே போடறது, நீங்களே சொல்லுங்க? டாய்லெட்டுக்குள்ள கூடை இருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லேன்னா வெளியே வாஷ்பேஸினுக்குக் கீழே இருக்கும். அங்கே கதவுகிட்ட காத்து வாங்கிக்கிட்டு நாலு பேர் நிப்பாங்க. அவங்க கண்ணு முன்னாடி பேப்பர் பொட்டலத்தோட நடந்து போய் குனிஞ்சு போடணும். பதினேழு வயசுப் பொண்ணுக்கு அந்த நாலு அடி நாலு கிலோமீட்டர். உள்ளேயே போட்டுட்டுத் தண்ணியைத் திறந்து விட்டுடத்தான் தோணும். நான் மெடிக்கல் ஷாப்ல நாப்கினைச் சுத்தித் தர்ற அந்தக் கறுப்பு கவரைத் தூக்கிப் போடாம பையிலேயே வெச்சுக்கறேன். சுத்தி, பையில போட்டு, இறங்கின ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில போட்டுடறேன். அசிங்கம் ஒண்ணும் இல்லைங்க. கூடை இல்லேன்னா 139-க்கு போன் போட்டு புகார் கொடுங்க, எத்தனை தடவை ஆனாலும்.

இது ஏதோ ஒரு டிப்போ கதைன்னு நினைச்சுடாதீங்க. சி.ஏ.ஜி. 2017-ல் ஒரு ரிப்போர்ட் கொடுத்தது. 2016-17 ஒரே வருஷத்துல, அவங்க சோதிச்ச 25,080 பயோ டாய்லெட்டுகள்ல அடைப்பு மட்டும் 1,02,792 தடவை! வகுத்துப் பாருங்க. ஒரு டாய்லெட் வருஷத்துக்கு நாலு தடவை அடைச்சிருக்கு. குவளை இல்லை, கூடை இல்லைங்கிற குறைகளும் ஆயிரக்கணக்குல. கூடையே வைக்காம குப்பையைப் போடாதேன்னா எப்படி சார்?

அந்த ஒவ்வொரு அடைப்பையும் ஒருத்தர் எடுத்தாகணும். அண்ணன்கிட்ட நுனி வளைச்ச ஒரு கம்பி இருந்தது. மேலே இருந்து விட்டுக் குத்தி இழுப்பார். வரலேன்னா பெட்டிக்கு அடியில போய், குனிஞ்சபடியே தொட்டியைத் திறக்கணும். திறந்ததும் என்ன வரும்னு நான் எழுதலை. ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு, முகத்தைத் திருப்பிக்கிட்டுத் திறக்கற டெக்னிக் அவருக்கு அத்துப்படி. "கம்பி எட்டுற வரைக்கும் கம்பி பாப்பா. எட்டாததுக்கு?"ன்னு கையைக் காட்டினார். கிளவுஸ் இருந்தது. ஒரு விரல்ல கிழிஞ்சிருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படிச்சேன். கையால மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாதுன்னு 2013-ல் வந்த சட்டம். தண்டவாளத்துல கிடக்கிறதை அள்றதும் அதுல சேர்த்தி. ஆனா ரயில் பெட்டி டாய்லெட்டுக்கு மட்டும் தனியா ஒரு வரி இருக்கு. அரசு அறிவிச்ச கருவிகளோட, பாதுகாப்பு உடைகளோட ஊழியர் சுத்தம் பண்ணினா, அது 'சுகாதாரமற்ற கழிப்பிடம்' ஆகாதாம். ரெண்டு தடவை படிச்சேன். அப்படின்னா அந்தக் கருவி எங்கே, உடை எங்கேங்கிறதுலதான் மொத்த சட்டமும் நிக்குது. கிழிஞ்ச கிளவுஸ் எந்தக் கணக்குல வரும்? எங்க வைவாவுல இப்படி ஒரு கேள்வி கேட்டா நல்லா இருக்கும்.

புது வந்தே பாரத் வண்டிகள்ல விமானம் மாதிரி 'புஸ்ஸ்'னு இழுக்கிற வேக்குவம் டாய்லெட். தண்ணி ரொம்பக் கம்மியா செலவாகும், நாத்தமும் கம்மி. குழாயோ இன்னும் ஒல்லி! அதுலயும் நாப்கின் போனா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

டிரெய்னிங் முடியற அன்னிக்கு ரிப்போர்ட் எழுதணும்னு தொட்டியோட படத்தை நோட்ல வரைஞ்சுக்கிட்டிருந்தேன். அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தார். திறக்கிற மூடியை நான் வரைஞ்ச இடத்துல விரலை வெச்சு, "இது இங்க இல்லாம இந்தப் பக்கம் இருந்தா, மூஞ்சியில அடிக்காது"ன்னார். பேனாவை வாங்கி அவரே ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அந்த வட்டத்தோடயே ரிப்போர்ட்டை சப்மிட் பண்ணியிருக்கேன். மார்க் இன்னும் வரலை.

கிளம்பறப்ப சும்மா கேட்டேன், "நீங்க ஊருக்கு ட்ரெயின்லயா போவீங்கண்ணா?"

"ட்ரெயின்லதான் பாப்பா. டாய்லெட்டுக்குள்ள போனா மொதல்ல ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்துடுவேன். பழக்கம்!"