கணக்குக் கேட்பது வேறு, கதை கட்டுவது வேறு



ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஒருவர் காதில் விழுந்த சொல், பால் ஸ்டோருக்கு வந்து சேரும்போது கையும் காலும் முளைத்து நிற்கும். மாலையில் தண்ணீர்க் குழாயடிக்குப் போவதற்குள் அதற்குச் சிறகும் முளைத்துவிடும். கடைசியில் யாரோ ஒரு வீட்டின் மானம் அடிபட்டுக் கிடக்கும்.

இன்று தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். ஆனால் குழாயடி நம்மை விடவில்லை. கைப்பேசி வடிவத்தில் நம் சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் பிறந்தால், புலனத்தில் ஒரு காணொளி எனக்கு வந்து சேருகிறது. 2001ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இடிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்களைப் பற்றியது அது. "விமானம் மோதி விழவில்லை. அமெரிக்காவே வெடி வைத்துத் தகர்த்தது" என்பது அதன் சாரம். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், நம் சொந்தபந்தங்கள்தாம். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கீழே ஒரு வரி எழுதியும் அனுப்புகிறார்கள். அந்தப் புகையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. அங்கே காலை, நமக்கு இரவு. அல்-காய்தா இயக்கத்தைச் சேர்ந்த 19 பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்தினார்கள். 8.46க்கு ஒரு விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியது. 9.03க்கு இன்னொன்று தெற்குக் கோபுரத்தில் மோதியது. 9.37க்கு மூன்றாவது விமானம் வாஷிங்டன் அருகேயுள்ள பென்டகன் என்ற இராணுவத் தலைமையகத்தில் மோதியது. நான்காவது விமானத்தில் இருந்தவர்கள் தொலைபேசியில் வீட்டாரோடு பேசி மற்ற விமானங்களின் கதியை அறிந்துகொண்டார்கள். கடத்தியவர்களை எதிர்த்துப் போராடினார்கள். அந்த விமானம் பென்சில்வேனியா மாநிலத்தின் வெட்டவெளியில் விழுந்தது. அதிலிருந்த பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேரும் மாண்டார்கள்.

கடத்தியவர்களை விட்டுவிட்டு எண்ணினால், அன்று இறந்தவர்கள் 2,977 பேர். அவர்களில் 343 பேர் தீயணைப்புப் படையினர். மற்றவர்கள் இறங்கி ஓடிவர, இவர்கள் மேலே ஏறிப் போனவர்கள். இறந்தவர்கள் 90க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு, நம் மலேசியர்களும் உண்டு.

இந்தச் சாம்பல் ஆறுவதற்குள்ளேயே கதைகள் கிளம்பிவிட்டன.

என் தங்கை மகன் இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது இந்தக் காணொளியை எடுத்துக் காட்டினான். "பெரியம்மா, விமான எண்ணெயில் இரும்பு உருகாது. நான் இரும்போடு கிடக்கிறவன். எனக்குத் தெரியாதா?" என்றான்.

"சரியாகத்தான் சொல்கிறாய் ஐயா" என்றேன். "ஆனால் நீ ஒரு கம்பியை வளைக்க வேண்டுமானால் உருக்கியா வளைக்கிறாய்?"

"இல்லை பெரியம்மா. பழுக்கக் காய்ச்சினால் போதும், வளைந்துவிடும்" என்றான். சொல்லிவிட்டுத் தன் சொல்லைத் தானே கேட்டவன்போல் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

விஷயம் அவ்வளவுதான். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். ஆனால் 600 பாகையிலேயே அது தன் வலுவில் பாதியை இழந்துவிடும். அன்று அங்கே எரிந்த தீ சில இடங்களில் 1,000 பாகை வரை எட்டியது. விமானம் மோதிய வேகத்தில் சில தூண்கள் அறுந்தன. மற்றவற்றைத் தீயிலிருந்து காக்கப் பூசியிருந்த பூச்சும் உதிர்ந்தது. விமான எண்ணெய் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிட்டது. ஆனால் அது மூட்டிய தீயில் மேசை, நாற்காலி, காகிதம் எல்லாம் தொடர்ந்து எரிந்தன. சூட்டில் தளங்கள் தொய்ந்து, வெளிப்புறத் தூண்களை உள்நோக்கி இழுத்தன. பெரிய மரத்துண்டை நாலு பேர் தோளில் சுமந்து வரும்போது, ஒருவர் முழங்கால் மடிந்தால் மற்ற மூவருக்கும் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மேல் மாடிகளின் பாரம் முழுவதும் கீழே இறங்கியது. தெற்குக் கோபுரம் 56 நிமிடத்தில் விழுந்தது. வடக்குக் கோபுரம் 102 நிமிடம் நின்று விழுந்தது. பொறியியல் வல்லுநர்கள் மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து 2005இல் சொன்ன முடிவு இது.

"விமானம் மோதாத மூன்றாவது கட்டடம் ஏன் விழுந்தது?" என்றும் கேட்பார்கள். நல்ல கேள்விதான். பக்கத்தில் இருந்த 47 மாடிக் கட்டடம் அது. வடக்குக் கோபுரத்தின் எரியும் இடிபாடுகள் அதன்மேல் விழுந்து தீப்பற்றியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லை. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து மாலை 5.20க்கு விழுந்தது. சூட்டில் நீண்ட உத்திரங்கள் ஒரு முக்கிய இணைப்பைத் தள்ளிவிட, ஒரு தூண் பிடிப்பிழந்தது; அதைத் தொடர்ந்து மற்றவையும் சரிந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஆய்வின் வரைவு 2008இல் வெளிவந்தபோது, ஒரு பள்ளியின் இயற்பியல் ஆசிரியர், கட்டடம் விழுந்த வேகத்தைப் பற்றிய கணக்கு சரியில்லை என்று எழுந்து கேட்டார். ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து பார்த்தார்கள். இரண்டே கால் விநாடி நேரம் அது தடையின்றி விழுந்தது உண்மைதான் என்று இறுதி அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். தீதான் காரணம் என்ற முடிவு மாறவில்லை, கணக்கு திருந்தியது. முறையாகக் கேட்டால் இதுதான் நடக்கும்.

வேறொரு கதையோ நெஞ்சைச் சுடும். "அன்று 4,000 யூதர்கள் வேலைக்கு வரவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும்" என்பது அது. தாக்குதல் நடந்த பகுதிகளில் ஏறத்தாழ 4,000 இஸ்ரேலியர் இருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசு கவலைப்பட்ட செய்தி ஒன்று வந்தது. ஒரு வாரத்திற்குள் அந்த எண் தலைகீழாகப் புரட்டப்பட்டு, லெபனான் நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றின் வழியே உலகமெல்லாம் ஓடியது. உண்மை என்ன? இறந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் யூதர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "உன் பிள்ளை அங்கே போகவே இல்லை" என்று சொல்வது போன்ற கொடுமை இது.

அப்படியானால் மக்கள் ஏன் இவற்றை நம்புகிறார்கள்? அவர்கள் முட்டாள்களா? இல்லை, வாசகர்களே. மேலிடத்தில் இருப்பவர்கள் மறைப்பார்கள் என்பது ஏழை மக்களின் பழைய அனுபவம். இந்த விஷயத்திலும் மறைப்பு இருக்கத்தான் செய்தது.

நம் நாட்டிலேயே தொடங்கிய ஒரு சங்கதியைக் கேளுங்கள். 2000 ஜனவரியில் அல்-காய்தா ஆட்கள் சிலர் கோலாலம்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கூடினார்கள். அமெரிக்க உளவுத்துறை கேட்டுக்கொண்டபடி நம் நாட்டு அதிகாரிகள் அவர்களைக் கண்காணித்துப் படமும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் அங்கிருந்து பாங்காக் போய், அந்த மாதமே அமெரிக்காவில் இறங்கினார்கள். பின்னாளில் பென்டகனில் மோதிய விமானத்தில் இருந்தவர்கள் அவர்கள். அவ்விருவரின் பெயரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தது 2001 ஆகஸ்டு மாதக் கடைசியில்தான். அதே ஆகஸ்டு 6ஆம் தேதி, பின்லேடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதி கொண்டிருக்கிறார் என்ற எச்சரிக்கை அதிபரின் மேசைக்கே போயிருந்தது. சவூதி அரேபியத் தொடர்புகள் பற்றிய 28 பக்கங்களை 2016 வரை மூடி வைத்தார்கள். இதற்கிடையில் 2003இல், பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி ஈராக்கின்மீது படையெடுத்தார்கள். ஆயுதங்கள் அகப்படவில்லை. இத்தனைக்கும் பிறகு சந்தேகப்படாதே என்றால் யார் கேட்பார்கள்?

சந்தேகப்படுங்கள். ஆனால் எப்படிச் சந்தேகப்படுவது என்பதை என் தாயாரிடம் நான் கற்றுக்கொண்டேன்.

அம்மா பால் வெட்டியவர். ஒரு சமயம் தொடர்ந்து மூன்று நாள் அவருடைய பால் எடை குறைந்தது. அதே நிரை, அதே மரங்கள், மழையும் இல்லை. மற்றவர்களுக்கும் குறைந்தது. உடனே லயத்தில் கதை கிளம்பிவிட்டது: கிராணி பாலைத் திருடி வெளியே விற்கிறார், அந்தக் காசில் ஊரில் வீடு கட்டுகிறார், தண்டலுக்கும் பங்கு உண்டு என்று. அம்மா அதில் வாய் வைக்கவில்லை. மறுநாள் ஸ்டோரில் தன் முறை வந்தபோது, "ஐயா, முதலில் வெறும் தராசைக் காட்டுங்கள். பிறகு ஒரு எடைக்கல்லை வையுங்கள்" என்றார். வைத்துப் பார்த்தார்கள். தராசு பழுது. நாளாகச் சரிபார்க்காமல் விட்டிருந்தார்கள். திருத்தினார்கள்; விட்டுப்போன எடையும் எல்லாருக்கும் கணக்கில் ஏறியது.

அங்கே திருட்டு இல்லை, கவனக்குறைவு இருந்தது. கவனக்குறைவும் குற்றம்தான். ஆனால் திருட்டு என்று கத்திக்கொண்டே இருந்திருந்தால் ஒரு மனிதரின் பெயர் கெட்டிருக்கும், தராசு திருந்தியிருக்காது.

அமெரிக்காவிலும் ஒரு தராசைக் காட்டச் சொன்னவர்கள் பெண்களே. கணவன்மாரை அந்தக் கோபுரங்களில் பறிகொடுத்த, நியூ ஜெர்சி மாநிலத்தின் நான்கு விதவைகள், மற்றக் குடும்பத்தாரோடு சேர்ந்து, "ஏன் தடுக்கவில்லை என்று விசாரியுங்கள்" என்று தலைநகரின் படிகளில் ஏறி இறங்கினார்கள். அரசாங்கம் முதலில் தனி விசாரணைக்கு இணங்கவில்லை. அந்தப் பெண்கள் விடவில்லை. 2002 நவம்பரில் ஆணையம் அமைந்தது. 2004 ஜூலையில் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை வந்தது. ஆகஸ்டு எச்சரிக்கை மக்கள் பார்வைக்கு வந்ததும், கோலாலம்பூர்ச் சங்கதி விரிவாக எழுதப்பட்டதும் அந்த விசாரணையால்தான். அதே ஆண்டு அக்டோபரில் பின்லேடனே ஒளிப்படக் காட்சியில் தோன்றி, தாக்குதலுக்குத் தாமே பொறுப்பு என்று சொன்னார்.

கணக்குக் கேட்கிறவர் பதில் வந்தால் ஏற்றுக்கொள்வார். கதை கட்டுகிறவரோ, எந்தப் பதில் வந்தாலும் அதையும் சதியில் சேர்த்துக்கொள்வார். வேறுபாடு இதுதான்.

"சும்மா அனுப்பினேன், இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். பல்பீர் சிங் சோதி, அரிசோனா மாநிலத்தில் எண்ணெய் நிலையம் நடத்திய சீக்கியர். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து ஒருவன் செப்டம்பர் 15ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றான். முகம்மது சல்மான் ஹம்தானி, 23 வயது இளைஞர், பாகிஸ்தானில் பிறந்தவர், நியூயார்க் காவல் துறையில் பயிற்சி பெற்றவர். அன்று காலை வேலைக்குக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. முஸ்லிம் பெயர் என்பதால், "அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனோ" என்ற பேச்சு பரவியது. பெற்ற தாய் மாதக்கணக்கில் இரண்டு துயரங்களைச் சுமந்தார்: மகனைக் காணவில்லை என்பது ஒன்று, ஊர் பேசுவது இன்னொன்று. 2002 மார்ச்சில், கோபுரத்தின் இடிபாடுகளில் கிடைத்தது அவருடைய உடலின் எச்சம் என்று உறுதியாயிற்று. உதவி செய்ய ஓடியவர் அவர்.

வதந்தி என்ன செய்யும் என்று அறிய நாம் அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். அதே 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின, பெரும்பாலோர் நம்மவர்கள். அந்த நாட்களில் வாய்க்கு வாய் பரவிய வதந்திகள் எத்தனை வீடுகளைத் தூங்கவிடாமல் செய்தன என்பதை அறிந்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள்.

ஆகவே சகோதர சகோதரிகளே, அடுத்த செப்டம்பரில் அந்தக் காணொளி வரும்போது, அனுப்பியவரைத் திட்ட வேண்டாம். "இதற்கு எடைக்கல் எங்கே?" என்று மட்டும் அன்பாகக் கேளுங்கள். யார் சொன்னது, யார் அளந்தது, தவறென்று தெரிந்தால் திருத்துவார்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்கள் கையோடு நின்று போகட்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்து வைக்கும் சொத்து அதிகமில்லை. நியாயமான கேள்வி கேட்கும் துணிவையும், நியாயமான பதிலை ஏற்கும் மனத்தையும் கொடுத்துவிட்டுப் போவோம்.