வெள்ளி போன வழியில் வடகரப்பதி

கோவையிலிருந்து வேலந்தாவளம் போகிற பேருந்தில் ஏறினால், கேரளம் வந்துவிட்டது என்று சொல்வது சோதனைச்சாவடியும் கடைப் பலகைகளும்தான். பேச்சு மாறுவதில்லை. டீக்கடையிலும் காய்கறிச் சந்தையிலும் கொங்குத் தமிழ், ஊடே மலையாளம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் வடகரப்பதி ஊராட்சி இது. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே குறைவு. போர்வெல் போட்டுத்தான் தோட்டங்கள் பிழைக்கின்றன. தென்னை மட்டும் குறைவில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கள், கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் கடைக்கோடி ஊர். சென்னைக்கோ அடுத்த வீட்டு விஷயம். இரண்டுமே ஊரைச் சரியாகக் காட்டாத பார்வைகள். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது வடகரப்பதி. அந்த வழியே காற்று மட்டும் போய்வரவில்லை, வெள்ளியும் போய்வந்தது.

1800ஆம் ஆண்டு. திப்பு விழுந்த மறு வருஷம். புதிதாகக் கையில் வந்த நாட்டைப் பார்த்து எழுதக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஃபிரான்சிஸ் புகானன், கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆனைமலை, கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டுக்குப் போனார். பொள்ளாச்சிப் பக்கம் அப்போதுதான் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக்காசு தோண்டி எடுத்திருந்தார்கள். ஹர்டிஸ் என்ற அதிகாரி அதிலிருந்து ஆறு காசை அவருக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 56 கிரெயின், நம் கணக்கில் 3.6 கிராம். சில அகஸ்டஸ் காசு, சில டைபீரியஸ் காசு. புகானன் நெல் விலையையும் வரியையும் குறித்த அதே பொறுமையோடு காசில் இருந்த லத்தீன் எழுத்தையும் குறித்துவைத்தார்.

கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் கிடைத்தவை 522 வெள்ளிக்காசுகள். கணவாய்க்கு மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1946இல் கிடைத்த புதையலில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்தே இருந்தன. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையில் இறங்கிய பணம் கொங்கு நாட்டுப் பானைகளுக்கு வந்த தடம் இந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தாலே புரியும். சீசரின் முகம் இங்கே யாருக்கு என்ன? வாங்கியவர்கள் வெள்ளியைத்தான் வாங்கினார்கள். கி.பி. 64 வாக்கில் ரோமப் பேரரசன் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். புதையல்களில் அவனுக்கு முந்தைய அகஸ்டஸும் டைபீரியஸும் மிகுந்து கிடப்பதைப் பார்த்தால், நம் வணிகர்கள் ஏமாந்தவர்களாகத் தெரியவில்லை.

இந்தக் காசெல்லாம் அடித்துச் செய்தவை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி. அடி விலகினால் ராஜாவின் மூக்கு போய்விடும். இங்கிலாந்திலும் 1662 வரை இதுவே முக்கிய வழி. அங்கே பென்னி எனப்படும் வெள்ளிக்காசு சுமார் 1.4 கிராம், சில்லறை வேண்டுமென்றால் அதையே இரண்டாக, நான்காக வெட்டிக்கொண்டார்கள். முதலாம் எட்வர்ட் 1279இல் நாணயத்தைப் புதுப்பித்தபோதுதான் கால் பென்னிக்கு வட்டக் காசு முறையாக வந்தது.

மலையாளக் கரையில் காசை வெட்டவில்லை, காசையே சின்னதாக அடித்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த சீனர் மா ஹுவான், பணம் என்ற பொன்காசு ஒன்றுக்கு 15 வெள்ளிக்காசு என்றும், கடைத்தெருச் சில்லறைக்கு அந்த வெள்ளிதான் என்றும் எழுதியிருக்கிறார். அதற்குத் தாரம் என்று பெயர். பொன் பணமே அரைக் கிராம் தேறாது. விரலிடுக்கில் நழுவும் இவற்றை எண்ணுவதற்கென்றே பணப்பலகை இருந்தது: வரிசையாகக் குழிகள் தோண்டிய மரப்பலகை. காசை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாய் உட்காரும். மீதியை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. எண்ணத் தெரியாதவரும் ஏமாறாத கருவி. இதற்கு இணையாக ஒன்றை இங்கிலாந்துக்காரர்கள் செய்ததாக நான் படித்ததில்லை.

பிற்காலத்தில் இந்த எல்லையில் பணக்குழப்பம் வேறு விதம். சித்தூர் கொச்சி மகாராஜாவுக்கு, பாலக்காடும் கோவையும் ஆங்கிலேயருக்கு. கொச்சி அரசு புத்தன் என்ற சின்ன வெள்ளிக்காசை அடித்தது. கம்பெனியோ 1835இல் 11.66 கிராம் ரூபாயை எந்திரத்தில் அச்சிட்டு எல்லா இடத்துக்கும் ஒன்றாக்கப் பார்த்தது. ராஜ்ஜியம் மாறினால் காசும் மாறும் வழியில், மாற்றுக் கணக்கு தெரிந்தவரே சந்தையில் பெரியவர்.

இன்று வேலந்தாவளம் சந்தையில் தக்காளிக் கூடைகள் இரண்டு மாநிலத்து வண்டிகளிலும் ஏறுகின்றன. விலை தமிழில் பேசப்படுகிறது, ரசீது பல சமயம் மலையாளத்தில்.