கழட்டுற கடையை விட்டுவிடலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

நமது மருதமுனையில் ஒரு பழைய தறிக் கொட்டிலுக்குள் மூன்று வருடமாக ஒரு கூட்டம் கூடி எதையாவது கழட்டிப் பூட்டிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பொடியன்மார் அதற்கு 'மேக்கர் ஸ்பேஸ்' என்று எழுதி ஒட்டினார்கள். ஊரார் வைத்த பெயர் 'கழட்டுற கடை'. ஊரார் வைத்ததுதான் நிலைத்தது. சனிக்கிழமை காலை பெண்களுக்கான நேரம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொட்டிலின் சொந்தக்காரர் கட்டாரில் இருக்கிறார். இவ்வளவு காலமும் ஒரு சதம் வாங்காமல் தந்தார். அவருக்கும் இப்போது செலவு கூடிவிட்டது. ஒரு டியூஷன் வகுப்பு மாதம் 10,000 ரூபா வாடகைக்குக் கேட்டிருக்கிறது. கொடுப்பதற்கு முதல் எங்களிடம் ஒரு சொல் கேட்டார். அவரில் எந்தக் குறையும் இல்லை. எனக்கு யோசனையாக இருப்பது ஊரில் காதில் விழும் கதைதான்: "டியூஷனுக்குக் குடுத்தா புள்ளையளுக்குப் பிரயோசனம். இவங்க என்னத்தச் செய்யிறாங்க டீச்சர்?"

என்னத்தைச் செய்தார்கள் என்று சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, தொடக்கம் அப்போதுதான். மெழுகுதிரியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. நாலைந்து பேர் கெட்டுப்போன லெப்டொப் பட்டரிகளைச் சேர்த்து உடைத்தார்கள். அதற்குள் பெரும்பாலும் ஆறு செல்கள் இருக்கும். ஒன்றோ இரண்டோ செத்தாலே முழு பட்டரியும் குப்பைக்குப் போய்விடும். மீற்றர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதைப் பிரித்தெடுத்து, எல்.ஈ.டி. விளக்குகளுக்குப் பூட்டினார்கள். (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். லிதியம் செல்லில் ஆணி பட்டாலும் சோர்ட் ஆனாலும் நெருப்புப் பிடிக்கும். அங்கே ஒரு தாச்சி நிறைய மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.) அந்த வருடம் எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.

அடுத்தது தொட்டில் விளக்கு. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான்.

நம்மூரில் காது கேளாத ஒரு தாய். முதல் பிள்ளை. பகலில் பிரச்சினை இல்லை, மாமி இருக்கிறார். இரவில் பிள்ளை அழுதால் தெரியாது என்று, பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே அரைத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெட்டைகள் இதைக் கேள்விப்பட்டு, சத்தத்தை உணரும் ஒரு சின்ன மொடியூலையும் ஆர்டுயினோ போர்ட் ஒன்றையும் வாங்கி வந்தார்கள். ஆர்டுயினோவைப் பற்றி ஒரு வார்த்தை: 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னியல் படிக்காத மாணவர்களும் பாவிக்க வேண்டும் என்று உருவாக்கினார்கள். அதன் வரைபடத்தை யாரும் பார்க்கலாம், யாரும் அதேபோல் செய்யலாம் என்று திறந்தும் விட்டார்கள். அதனால்தான் அதன் பிரதிகள் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன.

பிள்ளை அழுதால் பல்ப் பத்த வேண்டும். முதல் நாளே பத்தியது. ஆனால் பாங்கு சொன்னாலும் பத்தியது! பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே. மீன்காரரின் ஹோர்னுக்கும் பத்தியது. மொடியூலில் உள்ள சின்னத் திருகாணியைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தால் பிள்ளையின் சிணுங்கல் விடுபட்டுப் போனது. அந்தத் தாய்தான் வழி சொன்னார். எழுதிக் காட்டினார்: "தொட்டில் கயிற்றில் கட்டுங்க." மைக் பிள்ளைக்குக் கிட்டப் போனதும் உணர்திறனைத் தைரியமாகக் குறைக்க முடிந்தது. ஆனால் தொட்டிலில் 230 வோல்ட் வயர் எதுவும் போகக் கூடாது என்று, அங்கு வரும் வயரிங் வேலை செய்யும் நானா ஒருவர் ஒரே பிடியாக நின்றார். எல்லாவற்றையும் கழட்டி 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு இன்னும் இரண்டு கிழமை போனது.

எல்லாம் சரியான பிறகு அந்தத் தாய் இன்னொரு துண்டு எழுதிக் கொடுத்தார். பாங்குக்குப் பத்துகிற விளக்கு ஒன்றும் தனியாக வேண்டுமாம். பிழையாகப் பத்திய அந்தச் சில நாட்களில், பாங்கு எப்போது சொல்கிறார்கள் என்று அவருக்கு யாரும் கையைத் தட்டிச் சொல்லத் தேவைப்படவில்லை. இப்போது யன்னலோரத்தில் பச்சையாக ஒன்று இருக்கிறது. மீன்காரருக்கும் அது பத்தும், அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

பாடசாலைக் கண்காட்சிகளுக்கு எத்தனையோ வருடம் நடுவராகப் போயிருக்கிறேன். சோடாத்தூளும் வினாகிரியும் ஊற்றிய எரிமலை எத்தனை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு எரிமலையைப் பற்றியும் யாரும் வந்து "இது எனக்குச் சரியாக வேலை செய்யவில்லை" என்று சொன்னதில்லை. அது யாருக்காகவும் செய்யப்பட்டதில்லையே.

தறியூரில் இருந்துகொண்டு தறியைச் சொல்லாமல் விடலாமா? நாடாவுக்குள் வைக்கும் பொபினுக்கு நூல் சுற்றுவது நம் வீடுகளில் பெண்களின் வேலை. ஒரு மூத்தம்மாவுக்கு இராட்டை சுற்றிச் சுற்றித் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. கையைத் தூக்கித் தலை வாரவும் முடியாது. அவரின் பேரன் ஒரு பழைய தையல் மெஷின் மோட்டரைக் கொண்டுவந்து இராட்டையின் கதிரில் நேராகப் பூட்டினார். போட்ட உடனே நூல் அறுந்தது. திரும்பவும் முடிந்தார், திரும்பவும் அறுந்தது. அந்த மோட்டர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், பருத்தி நூல் எப்படித் தாங்கும்?

பிறகு மோட்டரில் 2 சென்ரிமீற்றர் கப்பி, கதிரில் 12 சென்ரிமீற்றர் பலகை வட்டம், இடையில் ரப்பர் பெல்ட். வேகம் ஆறில் ஒன்றாகக் குறைந்தது. தொடக்கத்தில் வரும் இழுவைக்குத் தையல் மெஷினின் மிதியே போதும், மெல்ல மிதித்தால் மெல்லச் சுற்றும். நூலைப் பரவலாக வழிநடத்த ஒரு பிடியும் செய்து வைத்தார். மூத்தம்மா அதைக் கழட்டி வைத்துவிட்டார். "அது வெரலுக்குத்தான் வெளங்கும் மன" என்றார். இன்றைக்கும் ஒரு கையின் விரல்கள் நூலில், ஒரு கால் மிதியில். தோளுக்கு வேலை இல்லை.

இந்தப் பொடியன் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். விகிதம் என்றால் யன்னலைப் பார்ப்பார். கப்பிக்கு விகிதம் போட்டது அவர்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் அதன் பிறகும் கணிதத்தில் அவருக்குப் பெரிதாகப் புள்ளி வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே வந்தால் பிள்ளை 'ஏ' எடுக்கும் என்று சொல்லி யாரையும் நான் கூப்பிட மாட்டேன். 2013 இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது, அதற்கு இது உதவும் என்று சிலர் சொல்கிறார்கள். உதவலாம். என் கணக்கு அதுவல்ல.

2020 கொரோனா நேரத்தில் கடை வாசல்களில் காலால் மிதித்துக் கை கழுவும் பைப் வைத்தார்களே, அதில் ஒன்று மூலையில் கறள் பிடித்துக் கிடந்தது. அதன் மிதியையும் சைக்கிள் பிரேக் வயரையும் எடுத்து, வலது பக்கம் பாரிசவாதம் வந்த ஒரு பெரியவரின் வீட்டில், கதிரையில் இருந்தபடி இடது காலால் மிதித்து வுழூச் செய்ய ஒரு பைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஐந்து நேரமும் மருமகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வெட்கப்பட்டு, அவர் பல நாள் தயம்மும் செய்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு அல்ஜஸரியின் ஞாபகம் வந்தது. தியார்பக்கிர் அரசவையில் இருந்த அந்தப் பொறியியலாளர் 1206 இல் முடித்த நூலில், வுழூவுக்குப் பணியாள் தண்ணீர் ஊற்றுவதை விரும்பாத தன் மன்னருக்காகத் தானே தண்ணீர் ஊற்றும் கருவி செய்ததைப் படத்தோடும் அளவோடும் எழுதியிருக்கிறார். மன்னருக்கு வந்த அதே கூச்சம்தான் நம்மூர்ப் பெரியவருக்கும்.

நான் டியூஷனுக்கு எதிரி இல்லை. என் மகளும் போகிறாள். ஆனால் டியூஷன் வகுப்புக்கு ஊரில் வேறு இடம் கிடைக்கும். தொட்டில் விளக்கையோ இராட்டையையோ எங்கே கொண்டு போவது?

மாதம் 500 ரூபா தர 20 பேர் சேர்ந்தால் வாடகை சரி. இதுவரை 13 பேர் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒருவர் அந்த மூத்தம்மா. சொந்தக்காரர் இந்த மாத முடிவு வரை பொறுப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு கொட்டிலில் கூடுகிறோம், பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. வர முடியாதவர்கள் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். வருபவர்கள் வீட்டில் கெட்டுப்போன சாமான் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். ரைஸ் குக்கர் மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாலு வரிசையில் கிடக்கிறது.