கோப்பெனிக் காட்டோர மைதானம்



மகளின் பிரசவத்துக்காக 2024 செப்டம்பரில் பெர்லின் போய், விசா கொடுத்த 90 நாளில் 86 நாள் இருந்துவிட்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்வி: "டீச்சர், பெர்லின் சுவரைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரு கால்பந்து கிளப்பைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

மகள் வீடு நகரத்தின் தென்கிழக்கில், கோப்பெனிக் என்ற பகுதியில். முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த பக்கம். சனிக்கிழமைகளில் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால், தெரு முழுக்கச் சிவப்பு வெள்ளைத் துண்டுகளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஜனம் போகும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகும். பிறகு மூன்றரை மணி வாக்கில் காட்டுப் பக்கத்திலிருந்து 'ஓ' என்று ஒரு பெரிய சத்தம் வரும். குழந்தை திடுக்கிட்டு விழிக்கும். இது என்ன என்று மருமகனிடம் கேட்டதற்கு, "யூனியன் மேட்ச் அத்தை" என்று சொல்லிவிட்டு லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டார். அவருக்குக் கிரிக்கெட்தான்.

விவரம் சொன்னவர் கீழ்வீட்டுப் பெரியவர். கேபிள் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜெர்மன் வராது. நடுவில் மருமகன் மொழிபெயர்க்க, நான் கொடுத்த தட்டையைக் கடித்துக்கொண்டு நாலைந்து சாயங்காலம் பேசினார். மீதியை நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

1906-ல் ஓபர்ஷோனவைட என்ற தொழிற்சாலைப் பகுதியில், பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழுவிலிருந்துதான் இந்தக் கிளப் வருகிறது. (அதே 1906-ல்தான் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, பழைய ராணுவக் கேப்டன் உடுப்பை மாட்டிக்கொண்டு, கோப்பெனிக் நகர மன்றத்துக்குள் புகுந்து மேயரைக் கைது செய்து கஜானாப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு அந்த ஊரில் இன்று சிலை இருக்கிறது! அது இன்னொரு நாள்.) சுற்றிலும் மின்சாரச் சாமான், கேபிள் செய்யும் ஆலைகள். ஆட்டக்காரர்கள் நீலச் சட்டை போட்டதால் ஆலைத் தொழிலாளி மாதிரி இருந்தார்கள். 'ஃபிட்டர் பையன்கள்' என்று பட்டப்பெயர் வந்தது. 'இரும்பு யூனியன்' என்ற முழக்கமும் அந்த ஆலைத் தெருக்களிலிருந்து வந்ததுதான். 1920-ல் காட்டோரம் ஒரு பழைய வனக்காவலர் வீட்டுப் பக்கத்தில் மைதானம் அமைந்தது. இன்றைக்கும் அந்த மைதானத்தின் பெயர் 'பழைய வனக்காவலர் இல்லத்தருகே' என்பதுதான். கம்பெனிப் பெயர் எதையும் அதற்கு வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் இரண்டானபோது குழுவும் இரண்டானது. 1950-ல் ஜெர்மன் சாம்பியன் போட்டிக்கு இவர்கள் தகுதி பெற்றார்கள். மேற்கே கீல் நகரத்தில் ஹாம்பர்க் அணியோடு ஆட்டம். கிழக்கு ஜெர்மன் அதிகாரிகள் போக அனுமதி தரவில்லை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் மேற்கு பெர்லினுக்குப் போய், அங்கிருந்து கீல் போய் விளையாடினார்கள். 0-7 என்று தோற்றார்கள். திரும்பி வரவில்லை. மேற்கு பெர்லினிலேயே யூனியன் 06 என்று ஒரு கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். கிழக்கிலிருந்து பழைய ரசிகர்கள் எல்லை தாண்டி அங்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 1961 ஆகஸ்டில் சுவர் எழும்பும் வரை.

காட்டோர மைதானத்தில் மிஞ்சியவர்கள் பெயர் மாறி மாறி, 1966 ஜனவரி 20-ல் இப்போதைய '1. எஃப்.சி. யூனியன் பெர்லின்' ஆனார்கள். எதிரே நின்றது பி.எஃப்.சி. டைனமோ. ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸின் தலைவர் எரிக் மீல்கேயின் செல்லப்பிள்ளை அந்தக் கிளப். 1979 முதல் 1988 வரை பத்து வருடம் தொடர்ந்து அவர்கள்தான் சாம்பியன். யூனியனோ ஒரு வருடம் மேல் டிவிஷன், மறு வருடம் கீழ் டிவிஷன். பெரிதாகச் சொல்ல ஒன்றே ஒன்று: 1968-ல் யேனா அணியை 2-1 என்று ஜெயித்து நாட்டுக் கோப்பையை வாங்கியது. அதனால் ஐரோப்பியப் போட்டியில் ஆட இடம் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அதையொட்டி எழுந்த தகராறில் கிழக்கு நாடுகள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன. யூனியன் பெட்டி கட்டுவதற்குள் பயணம் முடிந்துவிட்டது.

கால்பந்தில் ஃப்ரீகிக் அடிக்கும்போது எதிரணிக்காரர்கள் வரிசையாக நின்று மறைப்பார்கள் அல்லவா, அதற்குச் 'சுவர்' என்று பெயர். அப்போதெல்லாம் யூனியன் ரசிகர்கள் "சுவர் போகணும்! சுவர் போகணும்!" என்று கத்துவார்களாம். போலீஸ்காரர் என்ன செய்வார்? எந்தச் சுவர் என்று கேட்கவா முடியும்? பெரியவர் இதைச் சொல்லும்போது பையன் மாதிரி சிரித்தார்.

இதை வைத்துச் சிலர் யூனியனை விடுதலைப் போராட்ட இயக்கம் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1966-ல் அந்தக் கிளப் உருவாக முன்நின்றவரே அரசுத் தொழிற்சங்கத்தின் தலைவர்தான். அரசாங்கத்தின் சோறு அங்கேயும் வெந்தது. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை வாய்விட்டுக் கத்த ஓர் இடம் இருந்தது. சின்ன விஷயமில்லை அது.

1989 நவம்பரில் சுவர் விழுந்தது. 1990 ஜனவரி 27 அன்று மேற்கு பெர்லினின் ஹெர்த்தா கிளப்பும் யூனியனும் ஒலிம்பிக் மைதானத்தில் நட்பு ஆட்டம் ஆடின. ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். டிக்கெட் ஐந்து மார்க், கிழக்குக் காசாக இருந்தாலும் மேற்குக் காசாக இருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். ஹெர்த்தா 2-1 என்று ஜெயித்தது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆலைகள் மூடின, பணம் இல்லை. 1993-ல் ஆட்டத்தில் தேர்ச்சி பெற்றும் இரண்டாம் டிவிஷனுக்கு உரிமம் கிடைக்கவில்லை. காரணம், கிளப் கொடுத்த வங்கி உத்தரவாதக் காகிதம் போலி. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை, அவர்கள் நிர்வாகத்தின் தவறு அது. அடுத்த வருடமும் பணக் காரணத்தால் உரிமம் இல்லை. 2004-ல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியபோது, 14.6 லட்சம் யூரோ கையிருப்பு காட்டினால்தான் உரிமம் என்றது கால்பந்துச் சங்கம்.

அப்போது ரசிகர்கள் ரத்தம் கொடுத்தார்கள். உவமைக்காகச் சொல்லவில்லை. அங்கே ரத்த தானம் செய்தால் கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை தருவார்கள். 'யூனியனுக்காக ரத்தம்' என்று சொல்லி, வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து அந்தக் காசைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். நன்கொடை, சட்டை விற்பனை என்று எல்லா வழியிலும் சேர்ந்து பணம் வந்தது. உரிமமும் வந்தது. மறு வருடமே நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார்கள் என்பது வேறு கதை. ஆனால் அங்கே பழைய எதிரி டைனமோ காத்திருந்தது. 2005 ஆகஸ்டில் 8-0! பெரியவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

இனி மைதானக் கதை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2008-ல் மைதானம் பாழடைந்து கிடந்தது. நின்று பார்க்கும் படிகள் இடிந்து, இடுக்கில் புல் முளைத்திருந்தது. கூரை கிடையாது. சரி செய்யாவிட்டால் அங்கே ஆட விடமாட்டோம் என்ற நிலை. கிளப்பிடம் மொத்த வேலைக்கும் பணமில்லை. "வாருங்கள், நாமே கட்டுவோம்" என்று அழைத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் 2,300-க்கும் மேற்பட்டவர்கள் வந்து, 1,40,000 மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள்.

கணக்கு டீச்சரிடம் எண்ணைக் கொடுத்தால் விடுவேனா? ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வைத்தால் 17,500 ஆள்-நாள். ஒரே ஆள், வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 58 வருடம் ஆகும். ஆளுக்குப் பங்கு பிரித்தால் சுமார் 60 மணி நேரம், அதாவது ஏழெட்டு நாள். ஆண்டு விடுப்பை இதற்கே போட்டவர்கள் உண்டு. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் தினமும் வந்தார்கள். வெல்டிங் தெரிந்தவர் வெல்டிங், தெரியாதவர் சித்தாள் வேலை. நம் பெரியவர் கான்கிரீட் படிகளுக்குப் பலகை அடித்தாராம். அவர் மனைவி வாரம் இரண்டு நாள் பெரிய அண்டாவில் சூப் வைத்துக் கொண்டுபோனாராம். அந்த ஒரு வருடம் அணி வேறு மைதானத்தில் ஆடி, மூன்றாம் டிவிஷனில் முதலிடம் வந்தது. 2009 ஜூலையில் புது மைதானம் திறந்தார்கள்.

ஒரு நாள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனோம். வெளியே ஓர் இரும்புத் தூணின் மேல் பெரிய சிவப்பு ஹெல்மெட். கட்டட வேலைக்காரர் போடும் ஹெல்மெட்தான். வேலை செய்தவர்களின் பெயர்களும் அங்கே உண்டு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடித் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஒட்டும் பலகையில் நம்பர் தேடுவீர்களே, அதே முகம்.

2009-ல் ஒரு பெரிய விளம்பரதாரர் கிடைத்தார். ஒப்பந்தம் போட்ட பிறகு, அந்த நிறுவனத்தின் மேல்மட்டத்தில் இருந்தவர் பழைய ஸ்டாசி அதிகாரி என்று தெரியவந்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் பணம் பிள்ளைகளே, அதுவும் இல்லாதவர்கள் விட்ட பணம். 2011-ல் மைதானத்தின் பங்குகளை உறுப்பினர்களுக்கே விற்றார்கள். பங்கு 500 யூரோ. ஒருவருக்கு 10 பங்குக்கு மேல் இல்லை. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். பெரியவரிடம் ஒன்று இருக்கிறது, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

2019 மே 27 அன்று ஸ்டுட்கார்ட் அணியோடு 0-0 சமன் செய்து (வெளியூரில் 2-2 அடித்திருந்ததால் அது போதும்) முதல் தடவையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான பூண்டஸ்லிகாவுக்கு ஏறினார்கள். அந்த ஆகஸ்டில் முதல் ஆட்டம் லைப்ஸிக் அணியுடன். ஒரு பெரிய பான கம்பெனி பணம் போட்டு வளர்த்த அணி அது என்பதால் எதிர்ப்புக் காட்டி முதல் 15 நிமிடம் மைதானமே வாய் திறக்கவில்லை. ஆட்டம் 0-4 தோல்வி.

ஆனால் எனக்கு அந்த நாளில் வேறொன்றுதான் முக்கியம். இந்த நாளைப் பார்க்காமலே செத்துப்போன ரசிகர்கள் எத்தனை பேர்? அவர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக்காரர்கள் கையில் தூக்கிப் பிடித்தார்கள். 450-க்கும் மேற்பட்ட படங்கள். அவர்களையும் வந்தவர்களாகவே கணக்கில் சேர்த்து, 22,012 பேர் கொள்ளும் மைதானத்தில் அன்று வருகை 22,467 என்று அறிவித்தார்கள். வருகைப் பதிவேட்டோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த எனக்கு இதைக் கேட்டதும் பேச்சு வரவில்லை. பெரியவர் தன் அப்பா படத்தைப் பிடித்திருந்தார். 1968 கோப்பையை நேரில் பார்த்த அப்பா.

மருமகன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "நிஜமாவா?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டுவிட்டார்.

பிறகு மளமளவென்று மேலே போனார்கள். 2023-ல் நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக். அதிலும் ஒரு சிக்கல். பார்க்க ஆசைப்படும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் இடம் போதாது. இவர்கள் மைதானத்தில் 18,000-க்கும் மேற்பட்ட இடம் நின்று பார்ப்பது, இருக்கை நாலாயிரம்கூட இல்லை. சொந்த மைதானத்திலேயே சின்னக் கூட்டத்தோடு ஆடுவதா, ஊரின் மறுகோடியில் எழுபதாயிரத்துக்கு மேல் கொள்ளும் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போவதா? அதிக உறுப்பினர்கள் பார்க்கட்டும் என்று கிளப் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. தங்கள் கையால் கட்டிய படியில் நின்று ரியல் மாட்ரிட்டைப் பார்க்கும் ஆசை பலருக்கு இருந்திருக்கும். அந்த லீக்கில் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

பெரியவர் மூன்று ஆட்டத்துக்கும் போனாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள், தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது என்றார்.

மைதானத்தைப் பெரிதாக்கும் பேச்சு இப்போது நடக்கிறது. இந்தத் தடவை கம்பெனி வைத்துத்தான் கட்டுவார்களாம், ரசிகர்களைக் கூப்பிடமாட்டார்கள் என்கிறார் பெரியவர். கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்கச் சொன்னேன். மருமகன் கேட்பதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து ஏதோ சத்தம் போட்டார். அதை மட்டும் மருமகன் மொழிபெயர்க்கவில்லை.