ரயில் லேட்டானால்கூட பரவாயில்லை... சொல்லிவிட்டால் போதும்!

‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு...’ என்று ஒலிபெருக்கியில் குரல் கேட்டதும் பிளாட்பாரமே ஒரு நொடி அமைதியாகிவிடும். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த கை அப்படியே நிற்கும். சிணுங்கும் குழந்தையை அம்மா ‘உஷ்’ என்று அடக்குவார். வண்டி எண், வண்டியின் பெயர் எல்லாம் மூன்று மொழிகளில் வரும். கடைசியில் பார்த்தால், அது வேறு ஏதோ ரயிலுக்கான அறிவிப்பாக இருக்கும். எல்லோரும் மறுபடியும் தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நம் ஊரில் ரயில் தாமதம் யாருக்கும் புதிதில்லை. அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகும் என்று மனதில் ஒரு கணக்கு போட்டுத்தான் பலரும் கிளம்புகிறார்கள். ஆனாலும் கோபம் வருகிறது. ஏன்? எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால்தான்.

‘ஒரு மணி நேரம் தாமதம்’ என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம் பயணியின் கையில் இருக்கும். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஊரில் பைக்கோடு காத்திருக்கும் தம்பியிடம் ‘லேட்டா வா’ என்று சொல்லலாம். அதையே 10 நிமிடம், இன்னும் 20 நிமிடம், இன்னும் 40 நிமிடம் என்று தவணை முறையில் சொன்னால் எதையுமே செய்ய முடியாது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டிய பெரியவர், ‘ஏறினதும் சாப்பிட்டுக்கலாம்’ என்று பசியோடு உட்கார்ந்திருப்பார். பையை யாரிடம் விட்டுவிட்டு பாத்ரூம் போவது என்று தெரியாமல், தனியாக வந்த பெண் தவித்துக்கொண்டிருப்பார்.

அரை நாள் சம்பளம்

சென்னை புறநகரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 10 மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். ரயில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. அறிவிப்பு எதுவும் இல்லை. ‘சிக்னல் போச்சாம்’ என்கிறார் ஒருவர். ‘முன்னாடி ஒரு வண்டி நிக்குதாம்’ என்கிறார் இன்னொருவர். எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

போன் அடிக்கிறது. ‘எப்போ வருவ?’ என்கிறார் சூப்பர்வைசர். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ‘ட்ரெயின் நிக்குது சார்’ என்றால், ‘தினமும் இதே கதைதானா?’ என்று பதில் வரும். லேட்டானதற்கு அரை நாள் சம்பளம் போகலாம். அதைவிட, பொய் சொல்கிறாள் என்ற பேச்சுதான் அதிகம் வலிக்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எப்போது கிளம்பும் என்று தெரியாததால் பொறுமையிழந்து சிலர் குதித்து, தண்டவாளத்திலேயே நடக்கத் தொடங்குகிறார்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ‘15 நிமிடத்தில் கிளம்பிவிடும், யாரும் இறங்க வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், பாதிப் பேராவது உள்ளேயே இருப்பார்கள்.

தகவல் இருக்கிறது, வந்து சேரவில்லை

தாமதத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒற்றைப் பாதையில் எதிர் ரயில் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். தண்டவாளப் பராமரிப்பு நடக்கலாம். காலையில் வந்து சேர வேண்டிய பெட்டிகள் தாமதமாக வந்தால், அதே பெட்டிகளோடு மாலையில் கிளம்பும் ரயிலும் தாமதமாகும்.

இதெல்லாம் ரயில்வேக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கோட்டத்திலும் ரயில்களின் ஓட்டத்தைக் கவனிக்க கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. இஸ்ரோவின் உதவியோடு என்ஜின்களில் பொருத்தப்பட்டு வரும் கருவி, ரயில் எங்கே இருக்கிறது என்பதை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. செல்போன் ஆப்பிலும் பார்க்கலாம். ஆனால், ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அந்தத் தகவல் எப்படிப் போய்ச் சேரும்? ரயில் எங்கே நிற்கிறது என்று ஆப் காட்டும். ஏன் நிற்கிறது என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. அப்படியும் அந்த நிறுவனம் மன்னிப்பு கேட்டது. அங்கே ரயில் தாமதமானால், அலுவலகத்தில் காட்டுவதற்குத் தாமதச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். நம் ஜவுளிக்கடைப் பெண்ணின் கையில் அப்படி ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் எப்படி இருக்கும்!

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி

2016-ல் அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸ் 4 மணி நேரம் தாமதமாகப் போனது. அதில் வந்த ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு, டாக்ஸி பிடித்துப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 30,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை 2021 செப்டம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தை ரயில்வே விளக்க வேண்டும், அது தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நிரூபிக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் கேட்பதும் அதைத்தானே?

பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணத்தைக் கைவிட்டால், முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். நீங்கள் ஏற வேண்டிய ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர் பதிவு செய்ய வேண்டும். சாதாரண பட்டன் போனிலிருந்தும் 139-ஐ அழைத்து ரயில் நிலவரம் கேட்கலாம், புகாரும் சொல்லலாம்.

தகவல் இல்லாவிட்டால் விசாரணை கவுன்ட்டரில் இருக்கும் ஊழியருக்கும் கஷ்டம்தான். மேலிருந்து எதுவும் வராதபோது, அத்தனை பேரின் கோபத்தையும் அவர் ஒருவரே தாங்க வேண்டியிருக்கிறது. என்ன ஆயிற்று, எவ்வளவு நேரம் ஆகும், அடுத்த தகவல் எப்போது? இந்த மூன்று வரிகளை மைக்கில் சொல்ல புதுத் தண்டவாளமோ, புது என்ஜினோ வேண்டாம். ‘தெரியவில்லை, 15 நிமிடத்தில் சொல்கிறோம்’ என்றாலும் சரி. அதைச் சொன்னாலே மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.